கிட்டோடு கொளுவிய கருவிகள் மக்கர் பண்ணும்போது: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு சின்ன அலுவலகத்தில் ஆறு பேர் வேலை செய்கிறோம். கிட் (Git) என்பது நிரல் கோப்புகளின் மாற்றங்களைக் கமிட்டுகளாகப் பதிந்து வைக்கும் கருவி. எங்களில் அதைத் தனியாகப் பாவிப்பவர் யாரும் இல்லை. எடிட்டர், பில்டையும் சோதனையையும் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ், குறிமுறையை இணையத்தில் வைக்கும் கிட்ஹப், ஒரு வாடிக்கையாளருக்காக அதே போன்ற கிட்லாப், நிரல்களைத் தனித்தனிக் கொள்கலனில் ஓட்டும் டொக்கர் என்று எல்லாவற்றையும் அதோடு கொளுவி வைத்திருக்கிறோம். கிட் தன்பாட்டில் இருக்கும்போது தொந்தரவு தருவது குறைவு. இன்னொன்றோடு கொளுவிய இடத்தில்தான் பிசகுகிறது. அப்படிப் பிசகியவற்றைக் குறித்து வைத்த கொப்பியிலிருந்து இதை எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

போகுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டளையை எந்தப் பயனர் ஓட்டுகிறார்? எந்தக் கோப்புறையில் நின்று ஓட்டுகிறார்? அந்த நேரத்தில் அவருடைய சூழல் மாறிகள் என்ன? நீங்கள் டெர்மினலில் தட்டும் கிட்டும், ஜென்கின்ஸ் தட்டும் கிட்டும் ஒரே நிரல்தான். ஆனால் இந்த மூன்றும் வேறு. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தவை.

கிட் உள்ளுக்குள் என்னென்ன கூப்பிடுகிறது என்று பார்க்க, கட்டளைக்கு முன்னால் 'கிட்_டிரேஸ்=1' என்று போடுங்கள். எந்த ஹூக் (கமிட் செய்வது, சேர்வருக்குப் புஷ் செய்வது போன்ற நேரங்களில் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்), எந்த உதவி நிரல், எந்த வரிசையில் என்று எல்லாம் திரையில் வரும். (கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கிட்_டிரேஸ் போன்ற சூழல் மாறிகளைப் பெரிய எழுத்தில்.)

அறிகுறி: ஹூக் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் ஓடவே இல்லை

புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி முதல் வாரத்திலேயே கேட்டார்: "அண்ணா, உங்களுக்கெல்லாம் கமிட்டுக்கு முதல் சோதனை ஓடுது, எனக்கு மட்டும் ஓடுதில்லை." அவர் மேல் பிழை இல்லை. '.கிட்/ஹூக்ஸ்' கோப்புறைக்குள் இருப்பவை குளோனோடு (சேர்வரிலிருந்து எடுக்கும் முழு நகலோடு) வருவதில்லை. இது வேண்டுமென்றே அப்படி வைக்கப்பட்டது. வந்தால், யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் உங்களைக் கேட்காமலே உங்கள் கணினியில் ஓடும்.

ஆகவே, குழுவுக்குப் பொதுவான ஹூக்குகளை ரெப்போவுக்குள்ளேயே (கிட் கவனிக்கும் திட்டக் கோப்புறைக்குள்ளேயே) ஒரு சாதாரணக் கோப்புறையில் வைத்து, ஒவ்வொருவரும் ஒருமுறை 'கிட் கான்ஃபிக் கோர்.ஹூக்ஸ்பாத்' கட்டளையால் அந்த இடத்தைக் காட்டிவிடுவது நல்லது. இந்த வசதி 2016இல் வந்த 2.9 பதிப்பிலிருந்து இருக்கிறது.

இதிலேயே அடுத்த பொறியும் இருக்கிறது. கோர்.ஹூக்ஸ்பாத் ஒன்று அமைந்துவிட்டால், பழைய '.கிட்/ஹூக்ஸ்' கோப்புறையைக் கிட் திரும்பியும் பார்க்காது. ஹஸ்கி போன்ற கருவிகள் இதைத் தாமாகவே அமைத்துவிடும். நீங்கள் பழைய இடத்தில் ஹூக்கைத் திருத்தித் திருத்திப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், ஒன்றும் நடக்காது. 'கிட் ரெவ்-பார்ஸ் --கிட்-பாத் ஹூக்ஸ்' என்று தட்டுங்கள். கிட் உண்மையில் எந்தக் கோப்புறையைப் பார்க்கிறது என்று ஒரே வரியில் சொல்லும். நான் இப்போதெல்லாம் முதலில் தட்டுவது இதைத்தான்.

இடம் சரி, ஆனாலும் ஓடவில்லையா? பெயரைப் பாருங்கள். மாதிரிக் கோப்புகள் '.சாம்பிள்' என்ற வாலோடு வரும். வாலை எடுக்காவிட்டால் அது வெறும் கோப்புத்தான். அடுத்து இயக்க அனுமதி. விண்டோஸில் கிட், கோப்பின் முதல் வரியில் '#!' இருக்கிறதா என்று பார்த்தே அதை இயக்கக்கூடியதாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸிலும் மாக்கிலும் அனுமதி பிட் கட்டாயம் வேண்டும். விண்டோஸில் ஒருவர் ஹூக் எழுதி, சோதித்து, புஷ் செய்கிறார். உபுண்டு வைத்திருப்பவருக்கு அது ஓடுவதில்லை. 'கிட் அப்டேட்-இன்டெக்ஸ் --சிஹெச்மோட்=+எக்ஸ்' என்று கோப்பின் பெயரோடு தட்டிக் கமிட் செய்தால், அனுமதி ரெப்போவிலேயே பதிந்துவிடும்.

இன்னொன்று: மோதல் இல்லாமல் முடியும் மெர்ஜில் (பிராஞ்சுகளைச் சேர்ப்பதில்) பிரீ-கமிட், அதாவது கமிட்டுக்கு முன் ஓடும் ஹூக், ஓடாது. அதற்கென்று பிரீ-மெர்ஜ்-கமிட் என்ற தனி ஹூக் 2.24 பதிப்பில் வந்தது. '--நோ-வெரிஃபை' போட்டாலும் ஓடாது. எனவே, கட்டாயம் தடுக்க வேண்டியதைத் தனிநபர் கணினியின் ஹூக்கை நம்பி விடாதீர்கள். அதைச் சேர்வர் பக்கத்தில், பிரீ-ரிசீவ் ஹூக்கிலோ பிராஞ்ச் பாதுகாப்பிலோ வையுங்கள். ஹூக், எழுதுபவருக்கு விரைவாகப் பதில் சொல்வதற்குத்தான்.

அறிகுறி: டெர்மினலில் ஓடுகிறது, எடிட்டரில் கமிட் பொத்தானை அழுத்தினால் 'கட்டளை காணவில்லை'

வெளியேறும் எண் 127 என்றால் சந்தேகமே வேண்டாம், இது பாத் (நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) பிரச்சினை. டெர்மினல் திறக்கும்போது உங்கள் ஷெல்லின் தொடக்கக் கோப்பு ஓடி, நோட், பைத்தான் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறது. ஐகனை அழுத்தித் திறந்த எடிட்டருக்கு அந்த வரிகள் போய்ச் சேர்வதில்லை. என்விஎம் (நோட் பதிப்புகளை மாற்றித் தரும் கருவி) பாவிப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். உறுதிப்படுத்த, எடிட்டரை மூடிவிட்டு டெர்மினலிலிருந்தே திறந்து பாருங்கள். பிரச்சினை போய்விட்டால் காரணம் இதுதான். நிலையான தீர்வு, ஹூக்கின் முதல் சில வரிகளிலேயே தேவையான பாதையைச் சேர்ப்பது.

'/பின்/எஸ்ஹெச்' என்ற பெயருக்குப் பின்னால் '^எம்' ஒட்டிக்கொண்டு 'பேட் இன்டர்பிரிட்டர்' என்று வந்தால் அது வேறு கதை. விண்டோஸ் வரிமுடிவு ஸ்கிரிப்டுக்குள் புகுந்துவிட்டது. '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் ஹூக் கோப்புறைக்கு 'இஓஎல்=எல்எஃப்' என்று எழுதி, 'கிட் ஆட் --ரீநோர்மலைஸ் .' ஓட்டிக் கமிட் செய்யுங்கள். ஒவ்வொருவரும் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பை மாற்றிக்கொள்ளும்படி சொல்வதை விட இது மேல். விதி ரெப்போவோடு போகிறது, யாரும் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

அறிகுறி: சேர்வர் ஹூக்கில் 'இது கிட் ரெப்போ இல்லை: '.''

இதில் நான் ஒரு இரவு முழுவதும் செலவழித்தேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வாடிக்கையாளரின் சேர்வரில் புஷ் செய்தவுடன் தளம் புதுப்பிக்கப்பட வேண்டும். போஸ்ட்-ரிசீவ் ஹூக்கில் இரண்டே வரி: தளத்தின் கோப்புறைக்குப் போ, 'கிட் புல்' செய். அதே இரண்டு வரியைச் சேர்வரில் நுழைந்து கையால் தட்டினால் அழகாக ஓடுகிறது. புஷ் செய்தால் மட்டும், 'ரிமோட்:' என்ற முன்னொட்டோடு, ரெப்போ இல்லை என்ற செய்தி வருகிறது. அனுமதிகளை மாற்றினேன், பயனரை மாற்றினேன், கோப்புறையை அழித்துத் திரும்பக் குளோன் செய்தேன். எதுவும் உதவவில்லை.

நடந்தது இதுதான். போஸ்ட்-ரிசீவ் ஹூக்கைக் கூப்பிடும்போது கிட், 'கிட்_டிஐஆர்' என்ற சூழல் மாறியில் '.' என்று போட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் அது நிற்பது ரெப்போவின் சொந்தக் கோப்புறையில், ஆகவே '.' சரி. நாம் 'சிடி' செய்து வேறு இடத்துக்குப் போனதும் அதே '.' புதிய கோப்புறையைக் காட்டுகிறது. அங்கே '.கிட்' என்ற உட்கோப்புறை இருந்தாலும் கிட் தேடாது. நீதானே இடத்தைச் சொல்லிவிட்டாய் என்று அந்த மாறியையே நம்பும். 'சிடி' வரிக்குப் பின்னால் 'அன்செட் கிட்_டிஐஆர்' என்று ஒரு வரி போட்டேன், ஓடியது.

அதை விட முழுமையான வழியும் இருக்கிறது. 'கிட் ரெவ்-பார்ஸ் --லோக்கல்-என்வ்-வார்ஸ்' என்று தட்டினால், ஒரு ரெப்போவுக்கே உரிய எல்லாச் சூழல் மாறிகளின் பெயரும் வரும். ஹூக்குக்குள்ளிருந்து வேறொரு ரெப்போவைத் தொடுவதற்கு முன் அந்தப் பட்டியல் முழுவதையும் அன்செட் செய்துவிடுங்கள். பிரீ-கமிட்டிலும் இது தேவைப்படும். அங்கே 'கிட்_இன்டெக்ஸ்_ஃபைல்' ஒரு தற்காலிகக் கோப்பைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அது தெரியாமல் இன்னொரு ரெப்போவில் 'கிட் ஆட்' செய்தால், இரண்டின் இன்டெக்ஸும் (அடுத்த கமிட்டுக்குள் போகும் கோப்புகளின் பட்டியல்) குழம்பிப்போகும்.

அடுத்த நாள் அதே ஹூக்கில் இன்னொரு அறிகுறி வந்தது: புஷ் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் டெர்மினல் விடுவதில்லை. போஸ்ட்-ரிசீவ் முடியும்வரை புஷ் செய்தவரின் இணைப்பு திறந்தே இருக்கும். நீண்ட பில்ட் ஒன்றை அதற்குள் வைத்தால் அவர் காத்திருக்கத்தான் வேண்டும். கடைசியில் பின்னணியில் ஓட்டும் '&' குறி போட்டால் மட்டும் போதாது. பின்னணியில் ஓடும் நிரல் வெளியீட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தால் இணைப்பு மூடாது. வழமையான வெளியீடு, பிழை வெளியீடு இரண்டையும் ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிட்டு அப்புறம் '&' போடுங்கள்.

அறிகுறி: வெப்ஹூக் வந்து சேரவில்லை

புஷ் போன்ற ஒன்று நடந்ததும் கிட்ஹப் நம் சேர்வருக்குத் தானாக அனுப்பும் செய்திதான் வெப்ஹூக். முதலில் இரண்டாகப் பிரியுங்கள்: அனுப்பப்பட்டதா, இல்லையா? கிட்ஹப்பில் ரெப்போவின் அமைப்புகளுக்குள் வெப்ஹூக் பக்கத்தில், அண்மையில் அனுப்பியவற்றின் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் நம் பக்கத்துக் குறிமுறையைத் திருத்தத் தொடங்குவது நேரவிரயம்.

அனுப்பியிருக்கிறது, ஆனால் இணைக்க முடியவில்லை என்று அந்தப் பட்டியல் சொன்னால், உங்கள் பக்கத்துக்கு வெளியிலிருந்து வழி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களில் இருவர் வீட்டிலிருந்து 4ஜி ரவுட்டரில் வேலை செய்கிறார்கள். ரவுட்டரின் வெளிவலை (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரையான தொகுதிக்குள் இருந்தால், நீங்கள் சேவை வழங்குநரின் பொதுவான முகவரி மாற்றிக்கு (NAT) பின்னால் இருக்கிறீர்கள். பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. இந்த நிலைமையில் ஒரு சுரங்கச் சேவை வேண்டும், அல்லது வெளியில் வாடகைக்கு எடுத்த சின்னச் சேர்வர் ஒன்று வெப்ஹூக்கை வாங்கி, உள்ளேயிருந்து திறந்த இணைப்பு வழியாகத் தள்ளிவிட வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் ஜென்கின்ஸை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே போய்ப் பார்க்கும்படி வையுங்கள். நாங்கள் நீண்ட காலம் அப்படித்தான் ஓட்டினோம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிட்லாப்பை உங்கள் அலுவலகத்திலேயே நிறுவியிருந்தால் இன்னொரு காரணம்: உள்வலை முகவரிகளுக்கு வெப்ஹூக் அனுப்புவதை அது இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. நிர்வாகியின் அமைப்புகளில் அனுமதிக்க வேண்டும். எல்லாவற்றையும் திறந்து விடாமல், ஜென்கின்ஸ் இருக்கும் ஒரே முகவரியை மட்டும் அனுமதிப்பட்டியலில் சேருங்கள்.

போய்ச் சேர்ந்தது, ஆனால் நேரம் முடிந்துவிட்டது என்று வருகிறதா? கிட்ஹப் 10 விநாடிதான் பொறுக்கும். பில்ட்டை முடித்துவிட்டுப் பதில் சொல்லும்படி எழுதியிருந்தால் தவறிவிடும். வாங்கியவுடன் 'கிடைத்தது' என்று பதில் சொல்லி, வேலையை வரிசையில் போடுங்கள். தவறியதைக் கிட்ஹப் தானாகத் திரும்ப அனுப்பாது. அதே பக்கத்தில் 'ரீடெலிவர்' அழுத்தினால்தான் வரும்.

கையொப்பம் பொருந்தவில்லை என்று நம் நிரலே மறுக்கிறதா? கிட்ஹப் உடலின் பைட்டுகள் மேல் எஸ்ஹெச்ஏ-256 ஹெச்மாக் (இரகசியச் சாவியோடு எடுக்கும் கையொப்பம்) கணக்கிட்டுத் தலைப்பில் வைக்கிறது. நாம் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க், ஜேசனை முதலில் பிரித்து வைத்துவிடுகிறது. அதைத் திரும்ப ஜேசனாக எழுதி ஹெச்மாக் எடுத்தால் இடைவெளிகள் மாறியிருக்கலாம், கமிட் செய்தியிலிருந்த தமிழ் எழுத்துகள் யூனிகோட் எண்களாக மாறியிருக்கலாம். ஒரு பைட் மாறினாலும் கையொப்பம் வேறு. பிரிப்பதற்கு முந்திய மூல உடலை எடுத்துக் கணக்கிடுங்கள்.

ஜென்கின்ஸுக்கு அனுப்பும் முகவரி 'கிட்ஹப்-வெப்ஹூக்/' என்று சாய்கோட்டோடு முடிய வேண்டும். அந்தக் கடைசிக் கோடு விடுபட்டதால் ஒரு பின்னேரம் போனது. பைப்லைனைப் புதிதாக அமைத்திருந்தால் ஒருமுறை கையால் ஓட்டுங்கள். அதுவரை எந்த ரெப்போவைக் கவனிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

இனி, பட்டியலிலேயே இல்லை, அனுப்பவே இல்லை என்ற நிலைமை. இதில் எல்லோரையும் குழப்பும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒரே புஷ்ஷில் மூன்றுக்கு மேற்பட்ட டேக்குகள் (கமிட்டுக்கு இடும் பெயர்கள், பெரும்பாலும் பதிப்பு எண்) போனால் கிட்ஹப் அவற்றுக்கு நிகழ்வு உருவாக்காது. ஒரு ரெப்போவுக்குள் நான்கு தொகுப்புகளை வைத்து, நான்குக்கும் ஒன்றாக டேக் போட்டு 'புஷ் --டேக்ஸ்' செய்தால், வெளியீட்டு பில்ட் ஒன்றும் ஓடாது, பிழைச்செய்தியும் வராது. டேக்குகளை ஒவ்வொன்றாகப் புஷ் செய்யுங்கள். இரண்டாவது, கிட்ஹப்பின் சொந்தத் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்குள்ளிருந்து, அதற்குத் தானாகக் கிடைக்கும் 'கிட்ஹப்_டோக்கன்' கொண்டு புஷ் செய்தால், அந்தப் புஷ் இன்னொரு வொர்க்ஃப்ளோவைத் தொடங்காது. முடிவில்லாமல் ஒன்றையொன்று தொடங்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக இந்தத் தடை. வேண்டுமென்றே தொடங்க வேண்டுமானால் ஒரு செயலியின் டோக்கனைப் பாவியுங்கள்.

நேரம் வைத்து ஓடும் வேலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் நேர அட்டவணை இயல்பாக யுடிசி (உலகப் பொது நேரம்). கொழும்பு அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னே. '2 மணி' என்று எழுதினால் இங்கே காலை 7.30க்கு ஓடும், நாம் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் நேரம். இரவு 2 மணிக்கு ஓட வேண்டுமானால் 20.30 என்று எழுத வேண்டும். அது யுடிசியில் முந்திய நாள் என்பதால், கிழமை குறிப்பிட்டிருந்தால் அதையும் ஒன்று பின்னே தள்ளுங்கள்.

அறிகுறி: என் கணினியில் சரி, சிஐயில் (பில்டையும் சோதனையையும் தானாக ஓட்டும் அமைப்பில்) மட்டும் கிட் பிழை

'கிட் டிஸ்கிரைப்' பெயரொன்றும் காணவில்லை என்கிறதா, பதிப்பு எண் வெறுமையாக வருகிறதா? சிஐ முழு வரலாற்றை எடுக்கவில்லை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் எடுக்கும். கிட்லாப் புதிய திட்டங்களுக்கு 20 எடுக்கும். டேக் அதற்கும் பின்னால் இருந்தால் கிட்டுக்கு அது தெரியாது. 'ஃபெட்ச்-டெப்த்: 0' என்று கொடுத்தால் வரலாறு முழுவதும் வரும். ரெப்போ பெரிதென்றால், பதிப்பு எண் தேவைப்படும் அந்த ஒரு வேலையில் மட்டும் கொடுங்கள்.

பிராஞ்ச் பெயரைக் கேட்டால் 'ஹெட்' என்று வருகிறது என்பதும் இதே குடும்பம். சிஐ பிராஞ்சை அல்ல, ஒரு கமிட்டை எடுத்து வைத்திருக்கிறது. பெயரைக் கிட்டிடம் கேட்காமல் சிஐ தரும் சூழல் மாறியில் எடுங்கள். கிட்ஹப்பில் புல் ரிக்குவெஸ்டுக்காக ஓடும்போது எடுக்கப்படுவது உங்கள் கமிட் கூட இல்லை, இலக்குப் பிராஞ்சோடு சேர்த்துச் செய்த ஒரு தற்காலிக மெர்ஜ். அந்தக் கமிட் எண்ணை உங்கள் கணினியில் தேடினால் கிடைக்காது.

'டூபியஸ் ஓனர்ஷிப்' என்று வந்தால் வரலாற்றில் கொஞ்சம் பின்னே போக வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, வேறொரு பயனருக்குச் சொந்தமான ரெப்போவைக் கிட் நம்ப மறுக்கிறது. பொதுக் கணினி ஒன்றில் இன்னொருவர் வைத்த '.கிட்' கோப்புறை உங்கள் பெயரில் கட்டளை ஓட்டிவிடக்கூடிய ஓட்டை ஒன்றை அடைக்கச் செய்த மாற்றம் அது. டொக்கரில் இது சட்டென்று வரும். கோப்புகளின் உரிமையாளர் உங்கள் பயனர், கொள்கலனுக்குள் ஓடுவது ரூட். கொள்கலனுக்குள் 'கிட் கான்ஃபிக் --குளோபல் --ஆட் சேஃப்.டைரெக்டரி' என்று அந்தக் கோப்புறையின் முழுப்பாதையோடு கொடுங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் நம்பச் சொல்வதைத் தூக்கி எறியப்படும் கொள்கலனுக்குள் மட்டும் செய்யுங்கள், உங்கள் சொந்த லெப்டொப்பில் வேண்டாம். ரெப்போவின் உள்ளமைப்பில் இதை எழுதிப் பயனில்லை. தன்னை நம்பச் சொல்லித் தானே சான்று கொடுப்பதைக் கிட் ஏற்காது.

கோ மொழியில் பில்ட் செய்யும்போது 'விசிஎஸ் ஸ்டேட்டஸ்' பெற முடியவில்லை, எண் 128 என்று வந்தால் அடியில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். கோ 1.18 முதல் பில்டுக்குள் கமிட் விவரத்தைப் பதிக்கிறது, அதற்காகக் கிட்டைக் கூப்பிடுகிறது. 'பில்ட்விசிஎஸ்=ஃபால்ஸ்' போட்டு மூடுவதை விட உரிமையைச் சரிசெய்யுங்கள். பின்னால் ஒரு பழைய பைனரி எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்று தேடும்போது அந்தத் தகவல் வேண்டியிருக்கும்.

சிஐ ஒன்றும் சொல்லாமல் தொங்கினால், கேட்க ஆளில்லாத இடத்தில் கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருக்கிறது. 'கிட்_டெர்மினல்_ப்ராம்ப்ட்=0' கொடுங்கள், உடனே பிழையாக வெளியே வரும். கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் கட்டளைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை, டோக்கன் அல்லது எஸ்எஸ்ஹெச் சாவிதான். சேர்வரின் சாவி பொருந்தவில்லை என்று வந்தால், கிட்ஹப் 2023 மார்ச்சில் தன் ஆர்எஸ்ஏ சாவியை மாற்றியதை நினைவில் வைத்து, பழைய வரியை நீக்கிப் புதியதைச் சேருங்கள். ஜென்கின்ஸ் என்றால், ஜென்கின்ஸ் பயனருடைய வீட்டுக் கோப்புறையில் சேர்க்க வேண்டும், உங்களுடையதில் அல்ல. சோதனையையே நிறுத்தி வைக்கும் குறுக்குவழியை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

அறிகுறி: தமிழ்ப் பெயருள்ள கோப்பு '\340\256...' என்று வருகிறது, ஹூக் அதைக் கண்டுபிடிப்பதில்லை

மும்மொழித் தளங்கள் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு இது அன்றாடம். உள்ளடக்கம் எழுதித் தருபவர்கள் கோப்புக்குத் தமிழிலோ சிங்களத்திலோதான் பெயர் வைக்கிறார்கள். அது அவர்கள் உரிமை; கருவிதான் ஒத்துப்போக வேண்டும்.

கிட் இயல்பாக ஆஸ்கி அல்லாத பைட்டுகளை எண்ம எண்ணாக, மேற்கோள் குறிக்குள் காட்டும். தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் இரண்டும் எப்போதும் \340\256 அல்லது \340\257. சிங்களம் என்றால் \340\266 அல்லது \340\267. இந்த எண்களைப் பார்த்துப் பழகிவிட்டால் எந்த மொழிக் கோப்பு என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். 'கோர்.கோட்பாத்' அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கினால் பெயர் தமிழிலேயே தெரியும்.

ஆனால் ஹூக் எழுதும்போது அந்த அமைப்பை நம்பாதீர்கள். இன்னொருவர் கணினியில் அது இருக்காது. மாறிய கோப்புகளின் பட்டியலை எடுக்கும்போது 'கிட் டிஃப் --கேஷ்ட் --நேம்-ஒன்லி -இஸட்' என்று கேளுங்கள். அந்த இஸட் இருந்தால் கிட் மேற்கோள் போடாது, பெயர்களைச் சுழியப் பைட்டால் பிரித்துத் தரும். 'எக்ஸ்ஆர்க்ஸ் -0' அதை அப்படியே வாங்கும். பெயருக்குள் இடைவெளி இருந்தாலும் உடையாது. எங்கள் எழுத்துப்பிழைச் சோதனை ஹூக் சில மாதங்களாகத் தமிழ்க் கோப்பு எதையுமே சோதிக்காமல் பச்சை காட்டிக்கொண்டிருந்தது இந்த ஒரு எழுத்து இல்லாததால்தான்.

ஒரே பெயரில் இரண்டு கோப்பு, மாக்கில் எடுத்தால் ஒன்று எப்போதும் மாறியதாகக் காட்டுகிறது என்றால், பெயரில் ஒகர, ஓகாரக் கொம்பு இருக்கிறதா பாருங்கள். 'தொகுப்பு' என்பதிலுள்ள கொம்பை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். லினக்ஸ் இரண்டையும் வெவ்வேறு கோப்பாக வைக்கும், மாக் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் கணினி ஒன்றில் உட்கார்ந்து ஒன்றை நீக்கிக் கமிட் செய்யுங்கள். மாக்கில் 'கோர்.பிரீகம்போஸ்யூனிகோட்' உண்மையாக இருக்கிறதா என்றும் உறுதி செய்யுங்கள்.

விண்டோஸில் 'கிட் லாக்' தமிழ்ச் செய்தியைக் கோணக் குறிகளுக்குள் எண்களாகக் காட்டினால், 'லெஸ்சார்செட்' சூழல் மாறியை 'யுடிஎஃப்-8' ஆக்குங்கள். கமிட்டில் ஒன்றும் கெடவில்லை, காட்டும் நிரல்தான் தடுமாறுகிறது.

அறிகுறி: எடிட்டர் திறக்கிறது, எழுதுமுன்னே 'வெறுமையான செய்தி' என்று கமிட் நிற்கிறது

எடிட்டர் உடனே கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. விஎஸ் கோட் என்றால் 'கோர்.எடிட்டர்' அமைப்பில் 'கோட் --வெயிட்' என்று இருக்க வேண்டும்.

செய்தியின் முதல் வரி காணாமல் போகிறது என்றால், அந்த வரி '#' குறியில் தொடங்குகிறதா? வேலை எண்ணைத் தானாகச் சேர்க்க பிரீபேர்-கமிட்-எம்எஸ்ஜி ஹூக் எழுதுபவர்கள் '#123' என்று வரித் தொடக்கத்தில் வைப்பார்கள். எடிட்டர் வழியாகப் போகும்போது கிட் அதைக் குறிப்புரை என்று நீக்கிவிடும். '-எம்' கொண்டு எழுதினால் நீக்காது, ஆகவே சிலருக்கு வரும், சிலருக்கு வராது. எண்ணை வரியின் நடுவில் வையுங்கள், அல்லது 'கோர்.கமென்ட்சார்' அமைப்பில் வேறு குறி கொடுங்கள். கிட்ஹப்பில் 'குளோசஸ்' போட்டும் வேலை மூடவில்லை என்றால், அது இயல்புப் பிராஞ்சுக்குள் சேர்ந்தால்தான் மூடும்.

அறிகுறி: 'இன்டெக்ஸ்.லாக் ஏற்கெனவே இருக்கிறது'

நடுநடுவே வந்து, மறுபடி தட்டினால் சரியாகிறது என்றால், எடிட்டரோ ஏதோ ஒரு நீட்சியோ பின்னணியில் 'கிட் ஸ்டேட்டஸ்' ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டேட்டஸ் பார்ப்பதுதான் என்றாலும், இன்டெக்ஸைப் புதுப்பிக்க அது பூட்டுப் போடும். நீங்களே அப்படி ஒரு கருவி எழுதினால் 'கிட் --நோ-ஆப்ஷனல்-லாக்ஸ் ஸ்டேட்டஸ்' என்று கூப்பிடுங்கள். 2.15 பதிப்பிலிருந்து இது இருக்கிறது, மற்றவர் வேலையைக் குழப்பாது.

எப்போதும் வந்துகொண்டே இருந்தால், எங்கோ ஒரு கிட் பாதியில் செத்திருக்கிறது. ஓடும் நிரல்களில் கிட் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே அந்தக் கோப்பை நீக்குங்கள்.

பாதியில் சாவதற்கு எங்களுக்கு நன்றாகத் தெரிந்த காரணம் மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தது. அந்த வாரங்களில் பூட்டு மட்டுமல்ல, 'ஆப்ஜெக்ட் கோப்பு வெறுமை' என்ற கடுமையான பிழையும் வந்தது. அது வந்தால் பதறி மறுகுளோன் செய்யாதீர்கள், புஷ் செய்யாத கமிட்டுகள் போய்விடும். முதலில் கோப்புறை முழுவதையும் அப்படியே இன்னொரு இடத்துக்கு நகல் எடுங்கள். '.கிட்/ஆப்ஜெக்ட்ஸ்' உள்ளே அளவு சுழியமாக இருக்கும் கோப்புகளை மட்டும் நீக்குங்கள். 'கிட் ஃபெட்ச்' செய்யுங்கள். 'கிட் எஃப்எஸ்சிகே --ஃபுல்' ஓட்டி இன்னும் எது குறைகிறது என்று பாருங்கள். கடைசிக் கமிட்டே போயிருந்தால் '.கிட்/லாக்ஸ்/ஹெட்' கோப்பின் கடைசி வரிகளில் முந்திய கமிட்டின் எண் இருக்கும். பிராஞ்சை அதற்குத் திருப்புங்கள். வேலைக் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், திரும்பக் கமிட் செய்துவிடலாம்.

அதே ஆண்டு வந்த 2.36 பதிப்பில் 'கோர்.எஃப்சிங்க்' என்ற அமைப்பு சேர்ந்தது. அதை 'ஆடட்' என்று வைத்தால், 'கிட் ஆட்' செய்தவுடனேயே உள்ளடக்கத்தை வட்டில் உறுதியாக எழுதச் சொல்கிறது. வேகம் கொஞ்சம் குறையும். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி இரண்டிலும் நாங்கள் இன்றும் அதை அப்படியே வைத்திருக்கிறோம்.